கீழ்த்தட்டுக் குப்பிகள்

இந்த நோட்டை எடுத்தவர் யாராக இருந்தாலும், அட்டையைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அட்டையில் 'தடுப்பூசிப் பதிவேடு' என்றுதான் இருக்கும். அதை நம்பிவிடுங்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள். அக்காவிடம் காட்டாதீர்கள். அப்பாவிடம் கண்டிப்பாகக் காட்டாதீர்கள். ஏற்கெனவே இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால், படித்தது முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இது அப்பாவின் பழைய பதிவேடு. பாதிதான் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் போட்டிருக்கிறது: பண்ணை, கொட்டகை, வயது (நாள்), மருந்து, போட்டவர். நான் கட்டத்துக்கு மேலேயே எழுதுகிறேன். புது நோட்டு வந்துவிட்டதால் அப்பா இதைத் தேடமாட்டார்.

அப்பா பெயர் நல்லசிவம். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அவருக்குக் கீழ் எட்டுப் பேர். விடியுமுன் பண்ணைக்குள் போனால் வெயில் ஏறுவதற்குள் பத்தாயிரம் கோழிக்கு ஊசி போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மேல்தட்டு அம்மாவுடையது. மாவு, பால், தக்காளி. கீழ்த்தட்டு இரண்டும் அப்பாவுடையது. கோழி மருந்துக் குப்பிகள், மருந்தைக் கலக்கும் தண்ணீர் பாட்டில்கள். கீழ்த்தட்டில் நாங்கள் யாரும் கை வைக்கக் கூடாது. நான் பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் உள்ள ஒரே சட்டம் அதுதான்.

இன்று கீழ்த்தட்டுக்குப் புதிதாக ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஐந்து சின்னக் குப்பிகள். ரப்பர் மூடி, அதன் மேல் தகர வளையம், அடியில் வெள்ளைப் பொடி. கோழி மருந்தின் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கிறது. ஆனால் அது கோழிக்கு இல்லை. சிந்துஜா அக்காவின் முழங்காலுக்கு.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தார். எனக்கு இப்போது தட்டும் சத்தமெல்லாம் பாடமாகிவிட்டது. அம்மா கதவைத் தட்டினால் வளையல் சத்தம் முதலில் வரும். அக்கா ஊன்றுகோல் நுனியால் தட்டுவாள். அப்பா தட்டவே மாட்டார். எங்கே நின்றாலும் அங்கிருந்தே "கனீ" என்று கூப்பிடுவார்.

ஜூன் மாதம் அக்கா கபடிப் பயிற்சியில் விழுந்தாள். ஆடுகளத்தில் மூன்று பேர் சேர்ந்து மடக்கியபோது முழங்காலுக்குள் 'டொக்' என்று கேட்டதாம். தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஆறு மாதம் ஆட்டம் கூடாது, உடற்பயிற்சி செய்துகொண்டே இருந்தால் கூடிவிடும் என்று எலும்பு டாக்டர் சொன்னார். மாநில அணித் தேர்வு செப்டம்பர் 14. அடுத்த வருடம் அக்காவுக்கு வயது தாண்டிவிடும். பத்து வயதிலிருந்து அவள் ஓடியது இந்த ஒரு நாளுக்காகத்தான். டாக்டர் சொன்னபோது அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து காலணியை எடுத்துப் பரணில் வைக்கச் சொன்னாள். அதைப் பார்த்து அப்பாதான் அழுதார்.

அதற்கப்புறம்தான் ஜிம் மாஸ்டர் லோகு வந்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

லோகு மாஸ்டர் இன்றும் வந்தார். சட்டைக் கை அவருக்குப் போதவில்லை. காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இது ஸ்டெராய்டு கெடையாதுங்ணா. பெப்டைடு. நம்ம ஒடம்புல இருக்கறதுதான். கிழிஞ்ச நாரைத் தைக்கிற மாதிரி வேலை செய்யும். என்ற பசங்க ஏழு பேரு போட்டிருக்காங்க" என்றார்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "கனி, நீதான் இங்கிலீசு மீடியம். இதுல என்ன போட்டிருக்குன்னு படி கண்ணு."

பெயர் என்று ஒன்று இல்லை. மூன்று எழுத்து, ஒரு எண். அதன் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி. நான் படித்து அப்படியே தமிழில் சொன்னேன்: ஆய்வுக்கூட ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.

அப்பா சிரித்தார். "கோழி மருந்துலயும் அதத்தான கண்ணு போட்டிருக்கான்? இருவது வருசமா அது என்ற கைல எத்தன தடவை குத்தியிருக்கும்? எனக்கு என்ன ஆச்சு?"

"அவன் கேஸுக்குப் பயந்து போடறதுங்ணா," என்றார் லோகு மாஸ்டர். என்னைப் பார்த்து, "பாப்பா டாக்டருக்குப் படிக்குதா? நல்லாப் படி. வெளிய மட்டும் பேசாத" என்றார்.

அப்பாவின் இடது கைப் பெருவிரல் மடங்காது. நான் யூ.கே.ஜி. படிக்கும்போது, எண்ணெய் கலந்த கோழி மருந்து அதில் இறங்கிவிட்டது. இன்றும் அந்த விரலால்தான் குப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஸ்பிரிட் பஞ்சால் மூடியைத் துடைத்தார். சுத்தத் தண்ணீரை ஓரமாக விட்டு, குலுக்காமல், உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "குலுக்குனா மருந்து செத்துப் போயிரும்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அக்காவின் வயிற்றுத் தோலைக் கோழிக் கழுத்துத் தோலைத் தூக்குகிற மாதிரியே இரண்டு விரலால் தூக்கினார்.

"கொக்கரிக்கட்டுமாப்பா?" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

எல்லோரும் போன பிறகு, "இது வேண்டாமுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. "உங்கக்கா மூஞ்சியைப் பாத்துட்டு வந்து சொல்லு சாமி" என்றார். போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

சயின்ஸ் டீச்சரிடம் புராஜெக்டுக்கு என்று சொல்லிப் பெப்டைடு பற்றிக் கேட்டேன். அமினோ அமிலங்களை மணி மாதிரி கோர்த்தால் வரும் சின்னச் சங்கிலி, நீளமாகக் கோர்த்தால் புரதம் என்றார். நான் அந்த மூன்று எழுத்தையும் எண்ணையும் காட்டினேன். டீச்சர் போனில் தேடி நிறைய நேரம் படித்தார்.

"எலிக்குத் தசைநாரை வெட்டிவிட்டு இதைக் கொடுத்துப் பாத்திருக்காங்க. சீக்கிரம் கூடியிருக்கு."

"அப்போ நல்லதுங்களா டீச்சர்?"

"எலிக்கு. மனுசங்களுக்குக் குடுத்து ஒழுங்காச் சோதிக்கவே இல்ல. நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. தெரியாதுங்கறதுதான் பதில். கடையில விக்கறதுல உள்ள என்ன கலந்திருக்கும்னு அதுவும் தெரியாது. விளையாட்டுல இதுக்குத் தடை வேற இருக்கு." பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது யாருக்கு கனிஷ்கா?" என்றார்.

"யாருக்கும் இல்லைங்க டீச்சர்."

மணி அடித்துவிட்டது. மணிக்கு நன்றி.

ஆகஸ்ட் 9, சனி

அம்மாவும் அக்காவும் பிசியோதெரபிக்குப் போனார்கள். அப்பா பண்ணையிலிருந்து வரவில்லை. காலாண்டுக்குக் கணக்கு மூன்று பயிற்சி முடித்தேன். துணி மடித்தேன். பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

கையை மூன்று முறை கழுவினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் ஐஸ் பெட்டி கட்டும்போது கலக்கும் தண்ணீர் பாட்டிலில் ஒன்று குறைந்ததாம். அப்பா மூன்று தடவை எண்ணினார். கடைசியில் "நாந்தான் பண்ணையில வச்சிட்டு வந்திருப்பன்" என்று தலையில் தட்டிக்கொண்டார். அப்பா எதையும் வைத்துவிட்டு வருபவர் இல்லை.

தோசை மூன்று போட்டார்கள். ஒன்றுதான் இறங்கியது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றிவிட்டு மிட்டாய் கொடுத்தார்கள். அக்காவுக்கு ஒன்று கொண்டு வந்தேன். ஹாலில் கட்டிலில் படுத்தபடி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். முழங்கால் போனதிலிருந்து அவள் ஹாலில், எங்களுடைய அறை எனக்கு மட்டும். ஒரே மூச்சில் கபடி கபடி என்று சொல்ல வேண்டும், நான் கடிகாரம் பார்க்க வேண்டும். இன்று நாற்பத்தோரு விநாடி.

"கோழிக்குஞ்சு, இங்க வா. வலியே இல்லடி. போன வாரம் மாடிப்படில கால வச்சா உசுரு போகும். இன்னைக்கு ரெண்டு தடவை ஏறி எறங்கிட்டேன்."

"டாக்டர் சொன்ன எக்சர்சைஸ்தான் காரணமா இருக்கும்."

"போடி. அத ரெண்டு மாசமா செய்யறேன். எல்லாம் அந்த மருந்துதான். உள்ள ஜில்லுனு போய் எறங்கறது எனக்கே தெரியுது. ஒவ்வொரு தடவையும்."

நான் மிட்டாயைப் பிரித்து அவள் வாயில் போட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முதல் குப்பி தீர்ந்துவிட்டது. அப்பா இரண்டாவதைக் கலக்கினார். லோகு மாஸ்டர் போனில், "நாஞ் சொன்னேன்ல" என்று சொல்வது என் இடம் வரைக்கும் கேட்டது.

மழை. துணி எடுத்து உள்ளே போட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அக்கா இன்று ஓடினாள்.

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வீட்டு முன்னால் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடிப் போய்த் தொட்டுவிட்டு வந்தாள். அம்மா கையில் வைத்திருந்த முறத்தோடு கைதட்டப் போய் அரிசியெல்லாம் கொட்டியது. அப்பா பரணிலிருந்து காலணியை எடுத்துத் துடைத்து வைத்தார். திங்கட்கிழமையிலிருந்து பயிற்சிக்குப் போகப் போகிறாள்.

எல்லோருக்கும் இவ்வளவு சந்தோஷம் வந்து எத்தனை நாளாயிற்று! நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்குள் போவது தண்ணீர்.

எழுதிவிட்டேன். இந்த நோட்டிடம் கூட இரண்டு வாரமாகச் சொல்லவில்லை. ஒன்பதாம் தேதி புதுப் பாட்டில் ஒன்றை உடைத்து, குப்பியில் இருந்ததை உறிஞ்சிச் சாக்கடையில் விட்டு, அதே அளவு கலக்கும் தண்ணீரை உள்ளே ஏற்றினேன். வெறும் உப்புத் தண்ணீர் மாதிரிதான் அது. போன லீவில் அப்பாவுக்கு மருந்து கலந்து கொடுத்திருக்கிறேன், எனக்குக் கை நடுங்காது. தெரியாத ஒன்று அக்கா உடம்புக்குள் போவதைவிடத் தண்ணீர் போவது மேல் என்று நினைத்தேன். மூன்றே நாள்தான் நிஜ மருந்து போயிற்று.

வலி குறைந்தது இரண்டு மாத ஓய்வால். நார் இன்னும் கூடவில்லை. டாக்டர் டிசம்பர் என்றார். அவள் மருந்து கூட்டிவிட்டது என்று நம்பிப் பாயப் போகிறாள். நான் சொன்னால், நிஜ மருந்தைப் போடுவார்கள். சொல்லாவிட்டால், அந்தக் கால் மறுபடி 'டொக்' என்று சொல்லும்.

இரண்டாவது குப்பியில் இருப்பது நிஜம். நான்கு நாளாகப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

மாற்றிவிட்டேன்.

பாட்டிலை எண்ணுவாரே என்று புதுப் பாட்டிலைத் தொடவில்லை. அப்பா பண்ணையிலிருந்து வந்து படுத்துவிட்டார். வெளியே ஐஸ் பெட்டியில் ஒரு பாட்டில் பாதி மீதி இருந்தது. அது எண்ணிக்கையில் வராது. அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஐஸ் உருகி, பெட்டிக்குள் ஒரு கோழி இறகு மிதந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

அக்கா பயிற்சிக்குப் போனாள். இன்று உட்கார்ந்து பார்த்தாளாம், நாளைக்குப் பாய்வாளாம். நான் அக்காவின் கோச் மேடத்துக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன்: சிந்துஜாவின் முழங்கால் இன்னும் சரியாகவில்லை, டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இடது கையால் எழுதினேன். பள்ளிக்குப் போகிற வழியில் அக்காவின் கல்லூரியில் மேடத்தின் அறைக் கதவு இடுக்கில் செருகிவிட்டு ஓடினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சாயங்காலம் அக்கா செருப்பைக் கழற்றி வீசினாள். "எவளோ மேடத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்காடி! டாக்டர் சீட்டு இல்லாம கபடி மேட்ல கால் வைக்காதேன்னுட்டாங்க. எனக்கு எடம் கெடச்சா யாருக்கு வயிறு எரியுதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தத் தர்மபுரிக்காரிதான், டீம்ல என் எடத்துக்கு நிக்கறவ."

"வேற யாராச்சும் இருக்கும்."

"உனக்கென்ன தெரியும், நீ மூடு."

அப்பா, "போச்சாது விடு சாமி. சீட்டுத்தான? வாங்கிக்கலாம்" என்றார். எந்த டாக்டரிடம் என்று சொல்லவில்லை.

ஆனால் அவள் பாயவில்லை. அது போதும். இன்று சாப்பாடு இறங்கியது.

ஆகஸ்ட் 28, வியாழன்

அக்காவின் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்ட இடம் சிவந்திருக்கிறது. புளியங்கொட்டை அளவு வீக்கம். கொசு என்கிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

வீக்கம் எலுமிச்சை அளவு. தொட்டால் சுடுகிறது. அப்பா பார்த்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்: "மருந்து ஏறுது. கோழிக்கு ஊசி போட்டாலும் ரெண்டு நாளைக்கு எறகைத் தூக்கிட்டு ஓரமா உக்காந்துக்கும். தீவனம் எடுக்காது. மூணாம் நாள் துள்ளும். சோர்வு வந்தாத்தான் மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

லோகு மாஸ்டரும் போனில் அதையேதான் சொன்னார். எடத்தை மாத்திப் போடுங்கண்ணா, நிறுத்தீராதீங்க.

இருபது வருடமாக அப்பா கொட்டகைகளில் பார்த்தது அது. இலட்சக்கணக்கான கோழி. அவர் பொய் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பண்ணையில் வேலை செய்கிற அம்சா அக்கா சாயங்காலம் ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பாட்டிலில் மீதி இருந்த கலக்கும் தண்ணீரை வாசல் செடியில் ஊற்றினார். நான் சும்மா கேட்கிற மாதிரி, "அது நல்ல தண்ணிதானுங்க அக்கா, ஏன் ஊத்தறீங்க?" என்றேன்.

"அய்யோ கண்ணு, மூடி ஒருக்கா குத்திட்டா அன்னைக்கே கொட்டிரோணும். கோழியைக் குத்துன ஊசியத்தான மறுக்கா மறுக்கா உள்ள வுடறோம்? அதுல என்னென்ன இருக்குமோ. உங்கப்பா பாத்தா என்னத் தொலைச்சுப் போடுவாரு."

அவர் போன பிறகும் நான் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

புதுப் பாட்டில் வேறு. திறந்த பாட்டில் வேறு. லீவில் நான் மருந்து கலந்த நாட்களில் புதுப் பாட்டிலைத்தான் என் கையில் கொடுப்பார்கள். மீதியை யார் என்ன செய்கிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காய்ச்சல் நூற்றிரண்டு. காலையில் அப்பா இன்னொரு ஊசி போட வந்தபோது நான் குப்பியைக் கை தவறிக் கீழே போட்டேன். உடைந்தது. கை தவறவில்லை.

"பாத்துப் புடிக்கக் கூடாதா கண்ணு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

அம்மா ஆஸ்பத்திரி என்றார். அப்பா, "என்ன ஊசி போட்டீங்கன்னு மொதல்ல கேப்பாங்க. என்ன சொல்றது? வெளிய தெரிஞ்சா அவள எந்தக் கபடி மேட்லயும் ஏத்த மாட்டாங்க. நாளைக்குப் பாக்கலாம் வளர்மதி. மூணாம் நாள் எறங்கிரும்" என்றார்.

மாலையில் அக்கா என்னைக் கூப்பிட்டுக் கடிகாரம் பார்க்கச் சொன்னாள். கபடி கபடி என்று ஆரம்பித்தாள். பன்னிரண்டு விநாடியில் நின்றுவிட்டது.

"எவ்வளவுடி?"

"முப்பது."

"பொய்யி," என்றாள். கண்ணைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். இன்றுதான் மூன்றாம் நாள். இறங்கவில்லை. நூற்று மூன்று. வீக்கத்தைச் சுற்றிச் சிவப்பு பரவி இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. அக்காவுக்கு நடுக்கம். இரண்டு போர்வை போட்டும் பல் கிட்டுகிறது. மத்தியானம் என்னைப் பார்த்து, "மணி பாரு" என்றாள். நான் மணி சொன்னேன். "அது இல்லடி, மூச்சுக்கு" என்றாள். அவள் வாயே திறக்கவில்லை.

அப்பா நாளெல்லாம் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மடங்காத அந்தப் பெருவிரலை இன்னொரு கையால் பிடித்து மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "மருந்தா இருந்தா இந்நேரம் எறங்கியிருக்கோணுமே" என்று தனக்குத்தானே சொன்னார்.

மருந்தாக இருந்தால்.

அவருக்குத் தெரியாது, அது மருந்து இல்லை என்று. எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த மூன்று எழுத்து மருந்தைப் பற்றி யார் ஆஸ்பத்திரியில் கேட்டாலும், அவர்கள் தவறானதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எதைத் தேட வேண்டும் என்று இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் வாயால் சொல்லப் போனேன். இரண்டு முறை. முதல் தடவை அப்பா நிமிர்ந்து, "சாப்டியா கண்ணு?" என்றார். இரண்டாவது தடவை அக்காவின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தார். நான் துணியைப் பிழிந்து கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அதனால் எழுதினேன். அப்பாவுக்குப் புரிகிற மாதிரி. இந்த நோட்டிலிருந்து வெற்றுப் பக்கம் ஒன்றைக் கிழித்து, கட்டத்துக்கு வெளியே போகாமல்:

பண்ணை: நம் வீடு.
கொட்டகை: ஹால் கட்டில்.
வயது (நாள்): 7225.
மருந்து: இல்லை. கலக்கும் தண்ணீர். ஆகஸ்ட் 23 அன்று ஐஸ் பெட்டியில் இருந்த திறந்த பாட்டில்.
போட்டவர்: அப்பா. தெரியாமல்.
மாற்றியவர்: கனிஷ்கா. தெரிந்து.

கட்டத்துக்குக் கீழே இடம் இருந்தது. அதில், 'முதல் குப்பியிலும் ஒன்பதாம் தேதியிலிருந்து தண்ணீர்தான். அது புதுப் பாட்டில். மொட்டைக் கடிதமும் நான்தான். இதைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கப்பா. இப்பவே' என்று எழுதினேன்.

முதல் பக்கத்தில் யாருக்கும் காட்டாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். இந்த ஒரு தாளை மட்டும் காட்டுங்கள். எல்லோருக்கும் காட்டினாலும் பரவாயில்லை.

தாளை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், மீதி மூன்று குப்பி இருக்கிற வெள்ளைப் பெட்டியின் மேல் வைத்தேன். நாளைக்குப் பண்ணை வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், படுப்பதற்கு முன்னால் அப்பா கீழ்த்தட்டைத் திறந்து ஒரு தடவை பார்ப்பார். என்றைக்கும் தவறியதில்லை. ஒன்பது மணிக்குள் திறக்காவிட்டால், எழுந்து போய் நானே அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுவேன். இப்போது மணி எட்டு ஐம்பது.

எட்டு ஐம்பத்திரண்டு. அம்மா அடுப்படியில் தண்ணீர் சுட வைக்கிறார்.

அப்பா எழுந்துவிட்டார். நாற்காலி சத்தம்.

ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் விடுபடுகிற சத்தம். கீழ்த்தட்டு. குப்பிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பிறகு ஒன்றும் இல்லை. கதவை இன்னும் சாத்தவில்லை. திறந்தே இருந்தால் மோட்டார் ஓடும். ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நேரம் அவர் அதைத் திறந்து வைத்ததே இல்லை.

சாத்திவிட்டார்.

"வளர்மதி, அவளுக்குப் போர்வையச் சுத்து. நான் வண்டிய எடுக்கறேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வண்டிச் சாவி எடுக்கிற சத்தம். அக்கா முனகுகிறாள். போகிறார்கள். போய்விடுவார்கள். எனக்கு என்ன ஆனாலும் சரி.

இல்லை. காலடி இந்தப் பக்கம் வருகிறது.

வளையல் சத்தம் இல்லை. ஊன்றுகோல் இல்லை. "கனீ" என்று கூப்பிடவும் இல்லை.

கதவை ஒரே ஒரு தடவை, மெதுவாக, மடங்காத விரலால் தட்டுகிற மாதிரி. அப்பா இதுவரைக்கும் என் கதவைத் தட்டியதே—